இடது செருப்பின் வார்

11 நவம்பர் 2024, திங்கள்

சங்கீதாவை இன்று கலையரசியிடம் அழைத்துப் போனேன். அழைத்துப் போனேன் என்று எழுதுவதே மிகை. எங்கள் தெரு அமீர் பாஷாவின் வாடகை வேனில் அவளுடைய பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

மருமகளுக்கு ஏழாம் மாதம். சில வாரங்களாக அடிவயிற்றுக்குக் கீழே, முன் எலும்பில் வலி. படுக்கையில் புரண்டால் வலி. படி ஏறினால் வலி. ஒரு காலில் நின்றால் உயிர் போகிறதாம். ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் மேசையருகே நாள் முழுக்க நிற்கிற வேலை அவளுக்கு. பிரசவ டாக்டர் பார்த்துவிட்டு, குழந்தை நன்றாக இருக்கிறது, இடுப்பு மூட்டுகள் தளர்வதால் வரும் வலி இது, கலையரசியைப் பாருங்கள் என்றார். கலையரசி பிசியோதெரபி படித்துவிட்டுப் பெங்களூரில் ஆஸ்டியோபதி கற்றவர். கையால் மெல்ல அழுத்தி, நீவி, மூட்டையும் தசையையும் இயல்புக்குக் கொண்டுவருகிற முறை என்று வாசித்தேன். வாசித்ததில் பாதி நம்பும்படி இருந்தது. பாதி விளம்பரம்.

என் மகன் ஹேமந்த் வியட்நாமில். அங்கே ஒரு ஷூ கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜர். சங்கீதாவுக்கு அம்மா இல்லை. சோளிங்கரில் அப்பா மட்டும், அவரும் கண் அறுவை செய்துகொண்டு மகன் வீட்டில் கிடக்கிறார். என் மனைவி பூரணி போய் ஆறு வருஷம். ஆக, ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு எழுபத்தொரு வயது மாமனார் துணை.

காத்திருக்கும் இடத்தில் எல்லாரும் பெண்கள். வயிறு பெருத்தவர்கள். நான் பேப்பரை விரித்து டெண்டர் விளம்பரங்களைப் படித்தேன். பக்கத்து அம்மாள் கேட்டாள், "உங்களுக்கு இன்னாங்க, முட்டி வலியா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

18 நவம்பர், திங்கள்

கலையரசி இன்று என்னை உள்ளே கூப்பிட்டார். "சார், வாங்க. வூட்ல கூட இருக்கிறது நீங்கதானே? பாத்துக்கோங்க."

நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தபடி நின்றேன். படுக்கையிலிருந்து எப்படி எழுவது என்று சொல்லிக் கொடுத்தார். நேராக எழக் கூடாது. இரண்டு முட்டியும் ஒட்டியபடி பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி, கால்களை ஒன்றாகக் கீழே விட வேண்டும். வண்டியில் ஏறும்போதும் முதலில் உட்கார்ந்துவிட்டு, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும்.

"டைட்டா ஸ்கர்ட் போட்டுக்கினு இருக்கீங்கன்னு நெனச்சிக்கோங்க."

"நான் எப்பக்கா ஸ்கர்ட் போட்டேன்? ஸ்கூல்லயே பாவாடதான்" என்றாள் சங்கீதா. இரண்டு பேரும் சிரித்தார்கள். எலும்புக்கூடும் சிரிப்பது போலத்தான் இருந்தது.

நேற்றே ஒரு கேள்வியை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். இந்த முறை உண்மையிலேயே பயன் தரும் என்பதற்கு ஆதாரம் உண்டா? கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"எல்லாத்தையும் சரி பண்ணிடுவேன்னு சொல்ல மாட்டேன் சார். வலி கம்மியாவும். நடப்பாங்க. என் கைக்கு மீறினது எதுன்னு எனக்குத் தெரியும், அப்ப டாக்டர்கிட்ட அனுப்பிடுவேன்."

பதில் பிடித்திருந்தது. திரும்பும்போது, கேட்டிருக்க வேண்டாமோ என்று வழியெல்லாம் யோசித்தேன்.

6 டிசம்பர், வெள்ளி

காலையும் மாலையும் பயிற்சி. கைகளையும் முட்டிகளையும் ஊன்றி முதுகை மெல்ல வளைப்பது, சுவரில் சாய்ந்து சற்றே உட்கார்ந்து எழுவது, மூச்சை விலாவுக்கு இழுத்து விடுவது. கூடவே யாராவது இருக்க வேண்டும் என்று உத்தரவு. நான் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொள்கிறேன். மூச்சு வாங்கினால், "போதும்மா" என்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது.

வலி குறைந்திருக்கிறது. நேற்று மாடிப்படி ஏறி வடகம் காயப் போட்டாள். ஏன் ஏறினாய் என்று கேட்க வாயெடுத்து, கேட்கவில்லை.

13 ஜனவரி 2025, திங்கள்

போகி. தெருவெல்லாம் புகை. சங்கீதா பின்கட்டில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "மாமா, பயமா இருக்குது" என்றாள். "ஒண்ணும் ஆவாதும்மா" என்றேன். ஒன்றும் ஆகாது என்று எனக்கு எப்படித் தெரியும்?

17 ஜனவரி, வெள்ளி

பெண் குழந்தை. ஆபரேஷன். வேலூர் ஆஸ்பத்திரி. இருவரும் நலம். இதற்கு மேல் எழுத வரவில்லை.

21 ஜனவரி, செவ்வாய்

ஆம்பூர் வீட்டுக்கு வந்துவிட்டோம். நெமிலியிலிருந்து என் அக்கா ராஜம்மாளும் இன்றே வந்தாள். எழுபத்தாறு வயதில் அரக்கோணத்தில் ரயில் பிடித்து, தலையில் ஒரு மூட்டை, கையில் ஒரு மூட்டையோடு தனியாக. பூண்டு, சுக்கு, கருப்பட்டி, இரண்டு பாட்டில் நல்லெண்ணெய், பழைய வெள்ளை வேட்டிகள். நாற்று நட்டு, மாடு கட்டி, மூன்று மருமகள்களுக்கும் பிள்ளைப்பேறு பார்த்தவள். அவள் மட்டும் வரவில்லை என்றால் நான் என்ன செய்திருப்பேன்?

வந்ததும் வராததுமாக, "டேய் சம்பந்தம், நீ அந்த ரூமு பக்கம் வராத. இன்னா வேணும்னாலும் வாசல்ல நின்னு கொரல் குடு" என்றாள்.

டிஸ்சார்ஜ் செய்யும்போது டாக்டர் சொன்னது: வீட்டுக்குள் நடக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். கலையரசி போனில் சொன்னது: படுத்திருக்கும்போதும் பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், மூச்சுப் பயிற்சியை விட வேண்டாம், எழும்போது பழைய முறைதான். இரண்டையும் அக்காவிடம் சொன்னேன்.

"பச்ச ஒடம்புக்காரிய நடக்க வுட்றதா? தண்ணி ஜாஸ்தி குடிச்சா வயிறு தொப்ப போட்டுடும், கொழந்தைக்கு சளி புடிக்கும். அந்தப் பொண்ணு எத்தினி பெத்தா?"

"தெரியலக்கா."

"தெரியலல்ல? போய் உக்காரு."

போய் உட்கார்ந்தேன்.

24 ஜனவரி, வெள்ளி

சங்கீதாவின் வயிற்றைச் சுற்றி வேட்டியை மடித்து இறுகக் கட்டுகிறாள் அக்கா. நாள் முழுக்கக் கட்டில். பூண்டுக் குழம்பு, சூடான சாதம். தாகம் என்றால் சுக்குக் கஷாயம் ஒரு வாய்.

மதியம் அக்கா குளிக்கப் போனதும் அறையிலிருந்து குரல் வந்தது. "மாமா, கொஞ்சம் தண்ணி." ஒரு செம்பைக் கதவிடுக்கு வழியே வைத்துவிட்டு வந்தேன். காலியாகித் திரும்பி வந்தது. மறுபடி வைத்தேன். அதுவும் காலி.

என் வீட்டில் நானே தண்ணீர் திருடுகிறேன்.

28 ஜனவரி, செவ்வாய்

அகப்பட்டுக்கொண்டேன். செம்பும் கையுமாக. அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நான் வேணும்னா நெமிலிக்குப் போய்ட்றேன்டா. நீயே பாத்துக்கோ. உனுக்கு எல்லாம் தெரியும், நீ படிச்சவன்."

"இல்லக்கா, தாகம்னு சொல்லிச்சு..."

"தாகம்னு சொல்லும். தூக்கம்னு சொல்லும். அம்மா இல்லாத பொண்ணு, எது நல்லதுன்னு அதுக்கு யாரு சொல்லுவா? நான்தான் சொல்லணும்."

அவள் கண்ணில் நீர். நிஜமான நீர். அந்தப் பிள்ளையின் மேல் அவளுக்கு எவ்வளவு பாசம் என்பது எனக்குத் தெரியும். இரவெல்லாம் பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு, சங்கீதாவைத் தூங்க வைக்கிறாள். நான் என்ன செய்கிறேன்? படித்தவன். படித்ததை நம்பவும் தெரியவில்லை, எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை.

செம்பை அடுக்களையில் கவிழ்த்து வைத்தேன்.

30 ஜனவரி, வியாழன்

தையல் பார்க்க வேலூர் போய் வந்தோம். தையல் நன்றாக ஆறியிருக்கிறதாம். அக்கா உள்ளே போனாள், நான் வெளியே நின்றேன். கதவு சரியாக மூடவில்லை.

"வேற ஏதாச்சும் தொந்தரவு இருக்கா?" என்று டாக்டர் கேட்டது காதில் விழுந்தது.

"கால் கொஞ்சம்..." என்றாள் சங்கீதா.

"ஒண்ணும் இல்லம்மா, படுத்தே கெடக்குறா, அந்த அலுப்புதான்" என்றாள் அக்கா. அதோடு வெளியே வந்துவிட்டார்கள்.

வேனிலிருந்து இறங்கும்போது சங்கீதா, "மாமா, இந்தச் செருப்பு புடிக்குது. இடதுகால்ல வார் அழுத்துது" என்றாள். மெதுவாகத்தான் பேசுவாள் எப்போதும்.

அது சாம்பிள் பிரிவில் தைத்த செருப்பு, அவள் கம்பெனியில் ஊழியர்களுக்குக் கொடுத்தது. நல்ல தோல், நேர்த்தியான தையல். வார் மட்டும் கொஞ்சம் குறுக்கி வெட்டியிருக்கிறார்கள் போலும்.

31 ஜனவரி, வெள்ளி

இன்று ஒரு உருப்படியான வேலை செய்தேன். ஷூ கம்பெனியில் வேலை பார்த்த காலத்து என் பழைய கருவிப் பெட்டியை எடுத்து, அந்த இடது செருப்பின் வாரில் இன்னொரு ஓட்டை போட்டேன். போதாது என்று தோன்றவே மேல்தோலை ஈரத்துணியால் நனைத்து, மர அச்சில் மாட்டி இழுத்து வைத்தேன். சாயந்திரம் தோல் நன்றாக இளகிக் கொடுத்திருந்தது. ஓய்வு பெற்ற பிறகு கை இப்படிச் சொன்னபடி கேட்டது இன்றுதான்.

சங்கீதா போட்டுப் பார்த்தாள். "இப்ப பரவால்ல மாமா" என்றாள்.

மகிழ்ச்சியாக இருந்தது. இந்த வீட்டில் எனக்குத் தெரிந்த ஒன்று தேவைப்பட்டது.

1 பிப்ரவரி, சனி

சங்கீதா நொண்டுகிறாள். குளியலறைக்குப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். பழைய இடுப்பு வலி திரும்பிவிட்டதா? கதவருகே நின்று கேட்டேன்.

"இடுப்பு இல்ல மாமா. கெண்டைக்கால். இழுத்துப் புடிக்குது."

"நரம்பு சுருட்டிக்கினு இருக்குது" என்றாள் அக்கா. "காலையில நல்லெண்ணெ காய்ச்சி நல்லா அழுத்தித் தேச்சிவுட்டேன். ரெண்டு நாள் தேச்சா போய்டும்."

போனில் தேடிப் பார்க்கலாமா? தேடினால் எல்லாவற்றுக்கும் சாவு என்றுதான் வரும். எனக்குத் தலைவலி வந்தபோது தேடி, உயில் எழுதுகிற வரை போனவன் நான். ஹேமந்துக்குப் போன் செய்தேன்.

"அப்பா, அத்தை இருக்காங்க இல்ல? அவங்களுக்குத் தெரியாததா? நீ கூகுள்ல படிச்சிட்டு பேஜார் பண்ணாத. அதுவும் பயப்படும்."

சரி என்று வைத்துவிட்டேன். பேஜார் பண்ணக் கூடாது.

ஆனாலும்...

2 பிப்ரவரி, ஞாயிறு

வேலூர் ஆஸ்பத்திரி வராந்தா. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் வாசலைக் கூட்டும்போது அந்தச் செருப்புகளை எடுத்து ஓரமாக வைத்தேன். இடது, வலது. இடதின் வார் புது ஓட்டையில். வலதின் வார் பழைய ஓட்டையில். இடது மேல்தோல் பருத்து நிற்கிறது. வலது அப்படியே ஒடுங்கி. வாழ்நாளெல்லாம் ஜோடி பார்த்தே பிழைத்தவன் நான். ஜோடி சேரவில்லை.

பிள்ளை பெற்றவளுக்குக் கால் வீங்கும், சரி. இரண்டும் அல்லவா வீங்க வேண்டும்?

ஏன் எனக்கு முந்தாநாளே தோன்றவில்லை? எங்கள் தொழிலில் கால் ஒருபோதும் தப்பாகாது. இறுக்குகிறது என்றால் செருப்பில்தான் குறை, செருப்பைத்தான் திருத்த வேண்டும். அப்படியே பழகிய மூளை. அந்தப் பிள்ளை கால் சரியில்லை என்று சொல்கிறது, நான் தோலை நனைத்து இழுத்துக்கொண்டிருக்கிறேன். பரவால்ல மாமா என்றதும் பூரித்துப் போகிறேன். அடப்பாவி.

கலையரசிக்குப் போன் செய்ய எண்ணைத் தொட்டேன். ஞாயிற்றுக்கிழமை. ஒரு பெண் பிள்ளையை அவள் வீட்டில், விடுமுறை நாளில், இதற்காகவா? மணி அடிக்கத் தொடங்கியதும் பயந்து வெட்டிவிட்டேன். என்ன பேசுவது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம் என்று பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன். பேனாவை! போன் அடித்தது.

"சார், மிஸ்டு கால் பாத்தேன். சங்கீதா எப்படி இருக்காங்க?"

"கெண்டைக்கால் வலின்னு சொல்றாங்கம்மா. செருப்பு புடிக்குதுன்னாங்க, நான் வாரைத் தளர்த்தி..."

"ஒரு காலா, ரெண்டு காலா சார்?"

"ஒரு கால். இடது."

அவர் குரல் மாறிவிட்டது.

"சூடா இருக்கா? செவந்திருக்கா? மூச்சு வாங்குதா, நெஞ்சு வலிக்குதான்னு கேளுங்க. யாராச்சும் காலைத் தேச்சாங்களா?"

காய்ந்த நல்லெண்ணெய் வாசனை அறையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"சார்? சார், இருக்கீங்களா? தேய்க்கவே கூடாது. உள்ள ரத்தம் கட்டியிருக்கலாம். தேச்சா அது பேந்து நுரையீரலுக்குப் போயிடும். நானே வந்தாலும் அந்தக் கால்ல கை வைக்க மாட்டேன். இப்பவே கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்கு நான் சொல்லிட்றேன்."

பாப்பா வந்த நாளிலிருந்து அந்த அறைக்குள் நான் கால் வைத்ததில்லை. கதவைத் தள்ளினேன். சங்கீதா படுத்திருந்தாள். சேலை முட்டி வரை. இடது கெண்டைக்கால் மினுமினுவென்று, காற்றடைத்த மாதிரி வீங்கியிருந்தது. அக்கா இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெய் எடுத்துக் குனிந்துவிட்டாள். விரல்கள் காலில் பட்டுவிட்டன.

"கைய எடுக்கா! எடு! தொடாத!"

அது என் குரல்தானா? தெருவில் போன யாரோ நின்று எட்டிப் பார்த்தார்கள். பாப்பா வீறிட்டது.

அக்கா கையை எடுத்துவிட்டாள். எடுத்த கை அப்படியே அந்தரத்தில் நிற்க, எண்ணெய் தரையில் சொட்டியது. என்னையே பார்த்தாள். அடித்துவிட்டது போல ஒரு பார்வை.

"மூச்சு வாங்குதாம்மா?" என்று சங்கீதாவைக் கேட்டேன்.

"காலையிலேர்ந்து கொஞ்சம் மாமா" என்றாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. யாரிடம் சொல்வாள்?

அமீர் பாஷா கைலியோடு ஓடி வந்தார். "சார், நீங்க பேசாம உக்காருங்க. எந்த ஸ்பீட் பிரேக்கர் எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும், என் சம்சாரத்த விட நல்லா." வழியெல்லாம் அவர்தான் பேசினார். அக்கா பாப்பாவைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். நான் சங்கீதாவின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மாதனூர், பள்ளிகொண்டா... ஒவ்வொரு ஊரும் இத்தனை நீளமா?

ஸ்கேன் எடுத்தார்கள். கெண்டையிலிருந்து தொடை வரை ரத்தக்கட்டு. இளம் டாக்டர் ஒருவர் கேட்டுக் கேட்டு எழுதினார்.

"எப்பலேர்ந்து வீக்கம்?"

"வியாழக்கிழமைலேர்ந்து. நான் செருப்பைத் தளர்த்தினேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

"யாராவது தேய்ச்சீங்களா?"

அக்கா சுவரோரம் நின்றிருந்தாள்.

"தேய்ச்சோம்" என்றேன்.

ஊசி போட்டிருக்கிறார்கள். நெஞ்சுக்கு ஒரு ஸ்கேன் வேண்டுமாம். கட்டு நுரையீரலுக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க. போயிருந்தால்? கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

3 பிப்ரவரி, திங்கள்

நுரையீரலில் சின்னதாக ஒன்று போயிருக்கிறது.

சின்னதுதான் என்கிறார்கள். மருந்து கேட்கும் என்கிறார்கள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். பாப்பாவைப் பால் கொடுக்க மட்டும் உள்ளே கொண்டு போகிறாள் அக்கா. இந்த ஊசியோடு பால் கொடுக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். நானேதான் கேட்டேன்.

ஹேமந்த் அழுகிறான். டிக்கெட் தேடுகிறான். நான் அழவில்லை. அழத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது, அதனால்.

வியாழன், வெள்ளி, சனி. மூன்று நாள் அந்தப் பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தது.

4 பிப்ரவரி, செவ்வாய்

மாற்றமில்லை. மோசமாகவில்லை என்பதே நல்ல செய்தி என்றார் நர்ஸ்.

அக்கா சாப்பிடவில்லை. இட்லி வாங்கிக் கொடுத்தேன். பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்திருந்தாள்.

5 பிப்ரவரி, புதன்

குழாயை எடுத்துவிட்டார்கள். உட்கார்ந்து டீ குடித்தாள்.

10 பிப்ரவரி, திங்கள்

வீடு. ஊசியைத் தானே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டுவிட்டாள் சங்கீதா. அடுத்து மாத்திரை, மூன்று மாதத்துக்குக் குறையாமல். அடிக்கடி ரத்தப் பரிசோதனை. தொடை வரை ஒரு இறுக்கக் காலுறை. வீட்டுக்குள் நடக்க வேண்டும். ஹேமந்துக்கு ஏப்ரலில்தான் விடுப்பு. ஆபத்து நீங்கியது தெரிந்ததும் கம்பெனி பிடித்து வைத்துக்கொண்டது.

ஆபரேஷன், அசையாமல் படுத்திருந்தது, தண்ணீர் குடிக்காதது எல்லாம் சேர்ந்து ரத்தம் கட்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னபோது அக்காவும் இருந்தாள்.

அன்றிலிருந்து அக்கா என்னோடு பேசவில்லை. சமைக்கிறாள். தட்டை என் முன் வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் இருக்கிறது. சங்கீதாவின் பக்கம் தண்ணீர்க் குடமே வைத்துவிட்டாள். வேட்டிகளை மடித்து மூட்டையில் கட்டிவிட்டாள். பாப்பாவைத் தவிர யாரையும் தொடுவதில்லை. முன்பு சங்கீதாவுக்குத் தலை பின்னிவிடுவாள். இப்போது சீப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள்.

நான் கத்தியது தவறா? கத்தாமல் சொல்லியிருக்க முடியாதா? முடியாது என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் அந்தப் பார்வை.

23 பிப்ரவரி, ஞாயிறு

பின்கட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்தேன்.

"நான் தேச்சதாலதான் நெஞ்சுக்குப் போச்சா?"

கீரையைப் பார்த்தபடி கேட்டாள்.

இல்லை என்று சொல்லிவிடலாம். சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்குப் பொய் கேட்டால் தெரியும். அம்மா செத்த அன்று, தூங்குகிறாள் என்று நான் சொன்னதையே நம்பாதவள்.

"தெரியாதுக்கா. டாக்டருக்கும் தெரியாது. தானாவும் போவுமாம்."

அவள் கை நின்றுவிட்டது.

"ஆனா நான் சொன்னதும் நீ கைய எடுத்துட்ட. ஏன்னு ஒரு வார்த்த கேக்கல. கேட்டுக்கினு நின்னிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"நீ கத்தி நான் கேட்டதே இல்லையேடா. அதான் பயந்துட்டேன்."

என் கொத்தைப் பார்த்துவிட்டு, "கீரைய ஒழுங்கா ஆயி. காம்பெல்லாம் போட்ற" என்றாள்.

17 மார்ச், திங்கள்

டாக்டர் அனுமதித்ததும் மறுபடி கலையரசியிடம். இன்று அக்காவும் வந்தாள். வயிற்றின் நடுத்தசை இரண்டு விரல் அளவு பிரிந்திருக்கிறதாம். இறுகக் கட்டுவதால் சேராது, மூச்சோடு சேர்த்து உள்தசைகளைப் பழக்க வேண்டும் என்றார் கலையரசி. இடது காலைத் தொடவில்லை. விலாவிலும் முதுகிலும் மட்டும் மெல்லக் கை வைத்தார். அக்கா பக்கத்தில் நின்று அந்தக் கைகளை விட்டுக் கண்ணெடுக்காமல் பார்த்தாளாம்.

வெளியே வந்து, "இது புத்தூர்ல எலும்பு கட்ற மாதிரி முரட்டு வேலன்னு நெனச்சேன். பூ தொட்ற மாதிரி இல்ல தொட்றா" என்றாள். பிறகு, "எத்தினி பெத்தன்னு கேட்டேன். இன்னும் கல்யாணமே ஆவலயாம். கெட்டிக்காரிதான்."

வேனில் சங்கீதாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

12 ஏப்ரல், சனி

ஹேமந்த் வந்துவிட்டான். பாப்பாவை விட்டு நகரவில்லை. அவனைப் பார்த்ததும் அது அழுதது. அவனும் அழுதான். அக்கா இருவரையும் திட்டினாள்.

20 ஏப்ரல், ஞாயிறு

இன்று சாப்பிட்டு முடித்ததும் ஹேமந்த் பேச்சை எடுத்தான். அடுத்த வாரம் திரும்பும்போது சங்கீதாவையும் பாப்பாவையும் வியட்நாமுக்கு அழைத்துப் போகப் போகிறானாம். வீடு பார்த்துவிட்டான். டிக்கெட்டுக்குச் சொல்லி வைத்துவிட்டான்.

"இங்க வுட்டுட்டு என்னால நிம்மதியா இருக்க முடியாதுப்பா. வேலைய வுட்டுடட்டும். நின்னு நின்னுதானே இடுப்பே போச்சு."

"அதும் சரிதான்" என்றாள் அக்கா. "புருஷன் பக்கத்துல இருந்தா நல்லதுதான். ஆனா அந்த ஊர்ல பாம்பு திம்பாங்களாமே."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல அத்தை. அப்பா, நீ இன்னா சொல்ற?"

சங்கீதா அறை வாசலில் நின்றிருந்தாள். தோளில் பாப்பா. இதுவரை யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை என்பதைக் கவனித்தேன். என் கருத்தைக் கேட்டது எனக்கே வியப்பு. சொல்வதற்கு என்னிடம் இருக்கவும் செய்தது. மாத்திரை, ரத்தப் பரிசோதனை, இத்தனை சீக்கிரம் நீண்ட விமானப் பயணம். எல்லாவற்றையும் வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். வாய் வரை வந்தது.

"நீ இன்னாம்மா சொல்ற?" என்று அவளைக் கேட்டேன்.

அவள் ஹேமந்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மாத்திர முடியட்டும். டாக்டரு போலாம்னு சொல்லட்டும்" என்றாள். "ஜூன்ல நான் வேலைக்குப் போவணும். உக்கார ஸ்டூல் கேட்டிருக்கேன், தர்றேன்னு சொல்லியிருக்காங்க. அப்புறம் லீவு போட்டுட்டு வர்றேன், ஊரப் பாக்க."

வழக்கம் போல மெதுவாகத்தான் சொன்னாள். மின்விசிறிச் சத்தத்தில் பாதி கரைந்துவிட்டது. ஹேமந்த் போனில் டிக்கெட் விலையைத் தள்ளிக்கொண்டிருந்தான். "இன்னா?" என்றான், தலை நிமிராமல்.

அவள் சொன்னதை, ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல், நான் அவனுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.